ஒரு இடம் விடாமல்

அந்த வீட்டுச் சமையலறையில் சோறு வடிக்காத பாத்திரம் ஒன்று இருந்தது. கைப்பிடி போன பழைய அலுமினியப் பாத்திரம். அதில் யாராவது டீ போட்டுவிட்டால் கதவுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அது லிங்க் பாத்திரம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அவர் மனைவி விவரம் தெரியாமல் அதில் முட்டை அவித்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பதினாறு வருஷம் ஆன பிறகும் அந்தக் கதையைச் சொன்னால் வீட்டில் சிரிப்பு வரும்.

கதவுக்காரர் என்றால் மரக்கதவு இழைக்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பார்த்துக்கொண்டது தீக்கதவுகளை. பெரிய கிடங்குகளில் ஒரு கூடத்துக்கும் அடுத்த கூடத்துக்கும் நடுவே இரும்புத் தகடு அடித்த கனத்த கதவு ஒன்று இருக்கும். எந்நேரமும் திறந்தே நிற்கும். அது ஓடுகிற தண்டவாளம் வாசலைப் பார்க்கச் சற்றே சாய்ந்திருக்கும். விட்டால் போதும், கதவு தன் கனத்திலேயே உருண்டு வந்து வாசலை அடைத்துவிடும். விடாமல் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கம்பிக்கயிறும் அதன் நுனியில் தொங்குகிற எடைக்கட்டியும். அந்தக் கயிற்றின் நடுவில், வாசலுக்கு நேர்மேலே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு பித்தளைத் துண்டு மாட்டியிருக்கும். அதுதான் லிங்க். பார்வைக்கு ஒன்று, உள்ளபடி இரண்டு தகடு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஈயப்பற்று வைத்திருப்பார்கள். அதுவும் கடையில் விற்கிற ஈயமில்லை, வெந்நீர்ச் சூட்டிலேயே இளகிவிடுகிற கலப்பு. சூடு எழுபத்திரண்டு டிகிரியைத் தொட்டால் பற்று விட்டுப்போகும். தகடுகள் பிரிந்து, கயிறு இரண்டாகி, கதவு உருண்டு வந்து மூடும். கரண்டு வேண்டாம், மணி வேண்டாம், ஆளும் வேண்டாம். நெருப்பே வந்து கதவைச் சாத்திவிட்டுப் போகணும், அதுதான் வேலையே என்பார் கதவுக்காரர்.

பத்து லிங்க் உள்ள டப்பா புதிதாக வந்தால் அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லிங்க் பாத்திரம் அடுப்பில் ஏறும். பாத்திரத்தின் அடியில் ரிவெட் அடித்த கொக்கியில் லிங்க்கின் ஒரு காதை மாட்டி, மறு காதில் கட்டிய கயிற்றை அலமாரிக் கம்பிமேல் போட்டு, நுனியில் பழைய படிக்கல் ஒன்றைத் தொங்கவிடுவார். தண்ணீரில் நிற்கிற தெர்மாமீட்டரைப் படிப்பது அவள் வேலை. அறுபது என்பாள். அறுபத்தைந்து என்பாள். எழுபதுக்கு மேல் அவர் மூச்சுக்கூட விடமாட்டார். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று அவள் வாய் மூடுவதற்குள் படிக்கல் தொப்பென்று கீழே விரித்த கோணிமேல் விழும். அவர் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்தைப் பார்க்கிறவர்கள், ஏதோ பரிசு விழுந்துவிட்டது போல என்று நினைப்பார்கள். டப்பாமேல் பென்சிலால் தேதி போட்டுவிட்டு, மிச்சம் ஒன்பதும் தேறும் என்பார்.

லிங்க்மேல் எண்ணெய் படக்கூடாது, அதில் எதையும் தொங்கவிடக்கூடாது, முக்கியமாகப் பெயிண்ட் படவே கூடாது. இதையெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஒப்பிப்பாள். இந்த வேலைக்கு உன்னை அனுப்பிவிட்டு நான் தைக்கலாம் போலிருக்கிறதே என்று அவர் கிண்டல் செய்வார்.

அவளுக்கு ஒரு தம்பி. பின்னறையில் இருந்தான். பெயிண்டர். ஊர் அவனுக்கு வைத்த பேர் பாதி. மூன்று சுவரை அடித்துவிட்டு நாலாவதை நாளைக்கு என்பான், அந்த நாளை வராது. ஜன்னல் கம்பி முன்பக்கம் பளபளக்கும், பின்பக்கம் துரு துருவாகவே இருக்கும். எதிலும் அரைக்கிணறு தாண்டுகிற ஆள். கெட்டவன் இல்லை. காசு கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டான், குடி கிடையாது, அக்கா பிள்ளைகள் இல்லாதவள் என்பதால் அவள்மேல் ஒரு பிள்ளையின் பாசம் வைத்திருந்தான். ஆனால் வேலை கொடுத்தவர்கள் இரண்டாம் தடவை கொடுக்கமாட்டார்கள். முப்பத்தைந்து வயசுக்காரன் மத்தியானம்வரை கட்டிலில் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா. ஒரு மாசம் நச்சரித்தாள். மெத்தை ஃபேக்டரியில் கிடங்குக் கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்களாம், உங்கள் பேச்சுக்கு அங்கே மரியாதை இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஃபேக்டரியில்தான் கதவுக்காரர் ஒன்பது வருஷமாக இரண்டு தீக்கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார். வேலை கிடைத்தது.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"மாப்ளே, இது என் பேரைச் சொல்லி வாங்கின வேலை. அங்க விட்டான் இங்க விட்டான்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. மூலை முடுக்கு, கம்பி, கொக்கி, ஆணி, எல்லாம். ஒரு இடம் விடாம அடி."

அவள் அடுத்த கரண்டிச் சோற்றை இரண்டு பேர் தட்டிலும் சந்தோஷமாகவே போட்டாள். மச்சான் தலையை ஆட்டினான்.

சொன்னபடியே செய்தான் என்பதுதான் அதிசயம். ஒன்பது நாள். விடிந்ததும் போவான், இருட்டியபின் வருவான், தலைமுடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. மேனேஜர் வந்து கூரையிலிருந்து தரைவரை பார்த்தார், விரல் வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. அவரே அவனை இன்னொரு இடத்துக்குச் சிபாரிசும் செய்தார். அன்றைக்குக் கதவுக்காரர் மச்சானுக்குப் புதுச் சட்டை எடுத்துவந்து, இனிமேல் உன்னைப் பாதி என்கிறவன் வாயில் பெயிண்டை ஊற்று என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், மெத்தை ஃபேக்டரிக் கிடங்கில் தீப்பிடித்தது. பஞ்சும் ஸ்பாஞ்சும் கூரைமுட்ட அடுக்கியிருந்த இடம். பிடித்தால் கேட்கவா வேண்டும். கிடங்குக்கு இரண்டு வாசல், இரண்டிலும் தீக்கதவு. வடக்கு வாசல் முற்றத்துக்குப் போகிறது, தெற்கு வாசல் தையல் கூடத்துக்கு. தையல் கூடத்தில் பதினெட்டுப் பெண்கள் மெஷின்களுக்கு நடுவிலேயே சாப்பாட்டைப் பிரித்துவைத்திருந்தார்கள். வடக்குக் கதவு யாரும் தொடாமல் தானே உருண்டு வந்து மூடியது. தெற்குக் கதவு அசையவில்லை. புகை அந்த வாசல் வழியாகத் தையல் கூடத்துக்குள் புகுந்தது. வெளித் திண்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கதவுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பையிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடினார். எடையும் கயிறும் கிடங்குப் பக்கம்தான் இருக்கிறது. அதை அறுக்க உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். போனார். அறுத்தார். கதவு உருண்டு மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் பதினெட்டுப் பெண்களும் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்தப் பக்கம் நின்றுபோன மனுஷன், மூடின கதவைத் திறந்தால் புகை மறுபடி அங்கே போகும் என்று, புகைக்குள்ளே வடக்குக் கதவுவரை வந்திருக்கிறார். கையால் இழுத்தால் திறக்கிற கதவுதான். இழுக்கத் தெம்பு இல்லை. வெளியே இருந்தவர்கள் திறந்தபோது கதவடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தாராம். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் வாரம் ஊர் அழுதது. இரண்டாம் வாரம் பேச ஆரம்பித்தது. ஒரு கதவு மூடியது, ஒரு கதவு மூடவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒன்றைப் பார்த்தார், ஒன்றைப் பார்க்காமல் விட்டார். கதவுக்காரராம், கதவு மூடவில்லையாம். செத்தவரை எதற்குச் சொல்லணும், ஆனால் அந்தப் பொண்ணுகள் போயிருந்தால்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. தெருக்குழாயடியில் அவள் போய் நின்றால் பேச்சு நிற்கும், திரும்பியதும் தொடரும். ஃபேக்டரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், பராமரிப்பில் அலட்சியம் என்று. வியாழக்கிழமை விசாரணை. விருப்பமிருந்தால் வரலாம் என்று அவளுக்கு ஒரு தாள் வந்தது.

அவளுக்கு அழுகையைவிட இதுதான் பெரிசாக இருந்தது. ஆள் போனதை எப்படியோ தாங்கினாள். பத்துக்கு ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து வேகவைத்துப் பார்த்த மனுஷனை அலட்சியக்காரர் என்பதைத் தாங்க முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் நூல் கோக்கக் கை ஓடவில்லை.

திங்கட்கிழமை ஃபேக்டரி ஸ்டோர்கீப்பர் அவருடைய தோள்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். வெளித்திண்டிலேயே கிடந்ததாம். நல்ல மனுஷர், வாசலில் நின்றபடி செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். அந்த வாரம் முழுக்கத் தினமும் ஸ்டோருக்கு வந்து, இரண்டு புது லிங்க் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். இருக்கிறது நன்றாகத்தானே இருக்கிறது, என்ன அவசரம் என்று இவர் கேட்டதற்கு, சும்மாதான் என்றாராம். செவ்வாய்க்கிழமை காலையில்தான் வந்து சேர்ந்தது, அவரே வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று சொல்லிவிட்டு ஸ்டோர்கீப்பர் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவள் பையைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தாள். ஸ்பேனர், துணிச்சுருள், டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸில் அவள் வைத்த சோறு பாதி அப்படியே காய்ந்து கிடந்தது. அன்றைக்குக் காலையில் அவள்தான் சொல்லியனுப்பினாள், வேலை வேலை என்று நாலு மணிக்குச் சாப்பிடாதீர்கள், மணி அடித்ததும் உட்காருங்கள் என்று. பிரிக்காத உறை ஒன்றில் புது லிங்க் ஒன்று இருந்தது. இரண்டு வாங்கினார் என்றாரே, இன்னொன்று எங்கே? தேடினாள். ஒரு காகிதத்தில் சுற்றி வேறொன்று இருந்தது. பிரித்தபோது அவளுக்கு முதலில் அது என்னவென்றே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று, சோப்புத் துண்டு மாதிரி. திருப்பினாள். காது இருந்தது. ஓட்டை இருந்தது. எழுபத்திரண்டு என்ற எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று பெயிண்ட்.

அடுப்பைப் பற்றவைத்தாள். லிங்க் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அவர் செய்கிறபடியே கொக்கியில் மாட்டி, கயிற்றைக் கம்பிமேல் போட்டு, படிக்கல்லைத் தொங்கவிட்டாள். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் வாய்விட்டே படித்தாள். அறுபது. எழுபது. எழுபத்திரண்டு. படிக்கல் தொங்கியது. எண்பது. தொங்கியது. தண்ணீர் தளதளவென்று கொதித்து, ஆவி ஜன்னலை மறைத்தது. தொங்கியது. உள்ளே ஈயம் எப்போதோ இளகித் தண்ணீராகிவிட்டது, அவளுக்குத் தெரியும். தகடு இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது மேலே இருக்கிற பெயிண்ட். ஒரு கோட்டாக இருந்தால் கிழிந்திருக்கும். இது மூன்று கோட்.

அடுப்பை அணைத்தாள். தண்ணீர் ஆற ஆற உள்ளே இளகின ஈயம் மறுபடி இறுகியிருக்கும். லிங்க்கை வெளியே எடுத்தபோது அது ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது ஒரு நிம்மதி. சொல்லப்போனால் சந்தோஷம். அவர்மேல் தப்பில்லை. கதவு மூடாததற்குக் காரணம் இதோ கையில் இருக்கிறது. காலையில் வடக்குக் கதவில் பழையதைக் கழற்றிப் புதுசு மாட்டியிருக்கிறார், அதனால் அது மூடியது. தெற்குக் கதவுக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். வியாழக்கிழமை இதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் எந்த வாயும் திறக்காது என்று நினைத்தாள். அப்புறம்தான் தரையில் கிடந்த காகிதத்தை எடுத்தாள். அவருடைய பென்சில் எழுத்து. இரண்டு கதவிலும் பெயிண்ட், புதுசு கேட்டிருக்கு என்று எழுதிக் கீழே தேதி. தேதி இல்லாமல் அவர் எதையும் எழுதியதில்லை. தீப்பிடித்த செவ்வாய்க்கு எட்டு நாள் முந்தைய தேதி.

எட்டு நாள் தெரிந்திருக்கிறது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கதவைச் சாத்திவைத்திருப்பார்கள். சொன்னால், பெயிண்ட் அடித்தவன் யார் என்ற கேள்வி வரும். முதல் தடவையாக முழுசாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவன். ஒன்பது வருஷமாக வராத தீ இந்த எட்டு நாளிலா வந்துவிடும் என்று நினைத்திருப்பார். வீட்டிலும் மூச்சு விடவில்லை. அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடாதது இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் ஆறின பாத்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். மாமா போனதிலிருந்து அவன் ஒழுங்காக வேலைக்குப் போனான், ஒழுங்காக வந்தான். அதைப் பார்த்து அக்கா ஆறுதல் படுவாள் என்று நினைத்திருப்பான் போல. கை கழுவிவிட்டு வந்தவன் அடுப்பையும் அவள் முகத்தையும் பார்த்து நின்றான். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

கிட்டத்தில் வந்து பார்த்தான். "கம்பியில மாட்டியிருக்குமே, அந்த கிளிப்பு. ஃபேக்டரியில இருந்துச்சு."

"நீ அடிச்சியா?"

"ஆமாக்கா. தூசும் அழுக்குமா ஒரு மாதிரி பல்லிளிச்சிட்டு இருந்துச்சு. நல்லாத் தேய்ச்சிட்டு மூணு கோட் குடுத்தேன். ஏன், மேனேஜர் எதாச்சும் சொன்னாரா?"

"மாமா ஞாயித்துக்கிழமை இந்தப் பாத்திரத்துல என்ன போடுவாரு?"

"பித்தளையா ஏதோ..." என்று ஆரம்பித்தவன் நின்றான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் கண் திறக்காதவன். மாமாவுடைய பித்தளைத் துண்டைத் தூக்கக் கலக்கத்தில் ஓரிரு தடவை பார்த்திருப்பான். அது எங்கே போய் மாட்டுகிறது என்று அவன் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. அவன் லிங்க்கை வாங்கித் திருப்பினான். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். வெள்ளைக்கு அடியில் மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது.

"அக்கா, அந்தக் கதவு... இதனாலயா மூடல?"

அவன் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தான்.

"மாமாதானக்கா சொன்னாரு. கம்பி, கொக்கி எல்லாம், ஒரு இடம் விடாதேன்னு. நீயும் இருந்தியே. பாவி, நான் எத்தன வேலையில எத்தன இடம் விட்டிருக்கேன். இதை விட்டிருக்கக் கூடாதா?"

அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. தலையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. உனக்குத் தெரியாது என்றாள். மாமாவுக்குத் தெரியும் என்று சொல்லி, காகிதத்தைக் காட்டினாள். அவன் அதைப் படித்துவிட்டு அழவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமை நான் வருகிறேன், நான்தான் அடித்தேன் என்று நானே சொல்கிறேன் என்றான். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடு என்றான். லிங்க் இருந்தால் போதும், மாமா பேரில் இருக்கிற கறை போய்விடும், அவருக்குத் தெரியும் என்று யாருக்குச் சொல்லவேண்டும் என்றான்.

அவள் யோசித்துப் பார்த்தாள், பொய் சொல்வானேன். காகிதத்தை நாலாக மடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில்லை இது. ஒரு சின்னக் காகிதம். அடுப்பில் போட்டால் தீர்ந்தது. அவன் சொன்னபடி செய்தால் அவர் குற்றமில்லாதவர் ஆகிவிடுவார், இவன் தெரியாமல் செய்தவன் ஆவான். கையை அடுப்பு மேடைவரை கொண்டுபோனவளுக்கு அப்போதுதான் இன்னொன்று தோன்றியது.

"மேனேஜர் சிபாரிசு பண்ணி இன்னொரு இடம் குடுத்தாரே. எது?"

"நர்ஸுங்க ஹாஸ்டல். போன வாரம்தான் முடிச்சேன்." அவன் குரல் இறங்கியது. "மாமா சொன்ன மாதிரியே முடிச்சுக் குடுக்கணும்னு..."

"அங்க கதவு இருக்கா? இரும்புக் கதவு, மேல கம்பி?"

"மாடிப்படிகிட்ட ஒண்ணு."

"கம்பியில இது இருந்துச்சா?"

அவன் தலை குனிந்திருந்தது. "இருந்துச்சு."

"அடிச்சியா?"

"விடாமதான் அடிச்சேன்."

அவள் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து செருப்பைத் தேடினாள். புது லிங்க்கையும் வெள்ளை லிங்க்கையும் அவருடைய பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டினாள். ஏணியை எடுடா என்றாள்.

ஹாஸ்டல் இரண்டு தெரு தள்ளி. வெயில் மண்டையைப் பிளந்தது. தம்பி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான், அவள் பின்னால். ஹாஸ்டல் வாசலில் ஈரத்துணி காய்ந்தது, ராத்திரி வேலை முடித்து வந்த பெண்கள் மேலே தூங்கிக்கொண்டிருந்தார்கள், அறுபது பேராம். வார்டன் கண்டிப்பான பெண்மணி. முதலில் கதையைக் கேட்கவே தயாராக இல்லை. பெயிண்ட் அடித்தவன் வந்து பெயிண்ட் தப்பு என்கிறான், யாரோ ஒரு பொம்பளை வந்து கதவைக் கழற்றணும் என்கிறாள், மேலிடத்துக்கு எழுதி ஆளை வரவழைத்தால் நாலு நாளில் வந்துவிடுவார்கள், அதுவரை அப்படியே இருக்கட்டும் என்றார். பெயிண்டைச் சுரண்டிவிட்டால் போதாதா என்றும் கேட்டார். சுரண்டினாலும் பிளவுக்குள் போனது வராது, லிங்க்கில் பெயிண்ட் பட்டால் மாற்றத்தான் வேண்டும் என்றாள் அவள். அவர் சொல்லிச் சொல்லி மனப்பாடமானது அது.

"நீங்க யாரும்மா இதெல்லாம் சொல்ல?"

"கதவுக்காரரோட சம்சாரம்."

வார்டன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "மெத்தை ஃபேக்டரியில கதவு மூடாம போச்சே, பார்க்காம விட்ட ஆளு... அவரா?"

தம்பி ஏணியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்து மேஜையில் பிரித்து வைத்தாள்.

"பார்க்காம விடலம்மா. பார்த்தாரு. பார்த்துட்டு, என் தம்பி பேரு கெட்டுடும்னு யார்கிட்டயும் சொல்லாம, தானே மாத்திடலாம்னு எட்டு நாள் இருந்தாரு. எட்டாவது நாள் தீ வந்துருச்சு. நாலு நாள்னு நீங்க சொன்னீங்களே, அதான் சொல்றேன்."

வார்டன் அந்தக் காகிதத்தைப் படித்தார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கதவைத் தொட விடுகிறேன், இந்தத் தாள் மேலிடத்துக்கும் போகும், விசாரணைக்கும் போகும் என்றார். அவள் நின்றுகொண்டே எழுதினாள். அவருக்குத் தெரியும் என்கிற வரி வந்தபோது பேனா நின்றது. பெயிண்ட் அடித்தது நான்தான் என்று முதலில் எழுதுக்கா என்று பின்னாலிருந்து பாதி சொன்னான். அதை எழுதினாள், பிறகு இதையும் எழுதினாள். பதினாறு வருஷத்தில் அவரைப் பற்றி அவள் எழுதினது அந்த ஒரு வரிதான்.

மாடிப்படியடியில் கதவுக்கு ஆப்பு வைத்தார்கள். தம்பி ஏணியில் ஏறினான். எந்தக் காதை முதலில் கழற்றணும், எடையை எப்படித் தாங்கிக்கொள்ளணும் என்று கீழே நின்று அவள் சொல்லச் சொல்லச் செய்தான். கொக்கிகளில் ஒட்டியிருந்த பெயிண்ட் பேந்து அவள் தலையில் உதிர்ந்தது. வெள்ளை லிங்க்கைக் கீழே போட்டான். தெற்குக் கதவுக்கென்று அவர் வாங்கிய புது லிங்க்கை அவள் மேலே நீட்டினாள். மாட்டினான்.

மாட்டினால் மட்டும் போதாது, ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கணும் என்றாள். அவர் அப்படித்தான் செய்வார். ஆப்பை எடுத்துவிட்டு, மேலே அவன் கொக்கியைக் கழற்றினான். எடை இறங்கியது. அந்தப் பெரிய கதவு ஒரு நொடி யோசித்த மாதிரி நின்று, பிறகு தானாகவே நகர்ந்தது. சக்கரம் தண்டவாளத்தில் கடகடவென்று உருள, அவள் முன்னால் கடந்துபோய், எதிர்ச் சுவரில் போய் உட்கார்ந்து மூடியது. அந்தச் சத்தத்தில் மாடியில் யாரோ விழித்து என்ன என்று கேட்டார்கள். அவள் ஆயிரம் தடவை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒரு தீக்கதவு மூடுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மூடின கதவில் கையை வைத்தாள். இந்த மாதிரி ஒரு கதவின் அந்தப் பக்கம் உட்கார்ந்துதானே இருந்தார் என்று நினைத்ததும் நெற்றியையும் வைத்து, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை அங்கே அழுதாள். வார்டன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

கதவை இழுத்துத் திறந்து, கயிற்றைப் பழையபடி மாட்டி, எல்லாம் முடிய நாலு மணி ஆகிவிட்டது. வார்டன் அண்ணாந்து பார்த்தார். பளிச்சென்ற வெள்ளைச் சுவருக்கும் வெள்ளைக் கம்பிக்கும் நடுவே புது லிங்க் மஞ்சளாகத் தெரிந்தது. அதைச் சுற்றிக் கொக்கிகளில் பெயிண்ட் திட்டுத்திட்டாகப் பேந்து அசிங்கமாக இருந்தது. மனுஷி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சுத்தம் பார்க்கிறவர்.

"நீதானே பெயிண்டர்? அங்க மட்டும் பல்லிளிக்குது பாரு. ஒரு தொடு தொட்டுட்டுப் போ."

பாதி அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றான். "அந்த ஒரு இடத்தை விட்டுடணும்."

சொல்லிவிட்டு ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.